நடுவழியில் செயின் அறுந்தால்: எந்தக் கருவி கையில் இருக்க வேண்டும்?

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறவர்கள் பஞ்சருக்கு வேண்டியவற்றை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். உதிரி டியூப், டயர் லீவர், கைப் பம்பு ஆகியவை சீட்டுக்கு அடியில் தொங்கும் பைக்குள் போன பிறகு, மீதமிருக்கும் நான்கு விரல் இடத்தில் செயினுக்காக எதை வைப்பது என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. வழியிலுள்ள கடைகளை நம்பிப் போய்விடலாமா, செயினைக் கருவியில்லாமல் இணைக்கும் குவிக் லிங்க் என்ற கண்ணி ஒன்று போதாதா, பல கருவிகள் ஒன்றாக மடங்கிய மல்டி டூலில் இருக்கும் செயின் கட்டர் (செயினின் ஆணியை வெளியே தள்ளும் கருவி) வேலைக்கு ஆகுமா, தனிக் கட்டர் வாங்கித்தான் தீர வேண்டுமா என்று கியர் சைக்கிள் வாங்கிய நண்பர்கள் மாறி மாறிக் கேட்கிறார்கள். இந்த நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

ஒன்றை முதலில் பிரித்துக்கொள்வோம். செயின் கழன்று விழுவது வேறு, அறுவது வேறு. கழன்ற செயினை மாட்ட இரண்டு விரல்களும் ஒரு கந்தல் துணியும் போதும். இங்கே பேசப்படுவது அறுந்த செயினைப் பற்றி மட்டுமே.

செயின் எப்படி அறுகிறது

செயினில் உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருகின்றன. இரண்டையும் ஒரு சிறு ஆணி ஊடுருவிப் பிணைக்கிறது. ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். கியர் இல்லாத பழைய சைக்கிளிலும் பின்சக்கரத்தில் 12 பற்சக்கரங்கள் உள்ள 12 ஸ்பீடு பந்தய சைக்கிளிலும் இந்த அளவு ஒன்றுதான். மாறுவது தடிமன் மட்டுமே. பின்சக்கரத்தில் பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூட அவற்றுக்கு இடையிலான இடைவெளி குறைகிறது. அதற்கேற்பச் செயினும் மெலிகிறது.

மேட்டில் ஏறும்போது பெடலின் மீது முழு எடையையும் வைத்துக்கொண்டே கியரை மாற்றினால், செயின் பக்கவாட்டில் முறுக்கப்பட்டு, வெளிக் கண்ணியின் ஒரு தகடு ஆணியின் தலையை விட்டுப் பிதுங்கிவிடுகிறது. பிறகு உள் கண்ணி அந்த ஆணியிலிருந்து வழுக்கி வெளியேறிவிடும். நான் பார்த்த வரையில், தேய்ந்த செயினைக் காட்டிலும், எப்போதோ ஒருமுறை ஆணியை வெளியே தள்ளி அதே ஆணியைத் திரும்ப இறக்கி இணைத்த செயின்தான் இப்படி அதிகம் அறுகிறது. செயின் தேய்ந்தால் கியர் தாவும், பற்கள் பாழாகும். அறுவதற்குப் பெரும்பாலும் அந்தப் பழைய இணைப்போ வளைந்துபோன ஒரு தகடோதான் காரணமாக இருக்கும்.

இதை நான் மிக அருகில் பார்த்தது மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிய சிறிது நேரத்தில். சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடிகிற நேரம், எதிர்க்காற்று, எழுந்து நின்று மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம். பிடிமானம் இல்லாமல் கால் கீழே இறங்கியது. செயினைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, ஒரு முனையில் அறுந்த வெளிக் கண்ணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு தகடு, திறந்த ஊக்கைப் போல வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மறு தகட்டில் ஆணி ஒற்றைப் பல்லாகத் துருத்திக்கொண்டிருந்தது. என் பையில் புத்தம்புதிய குவிக் லிங்க் இருந்தது. ஆனால் அதை மாட்டுவதற்கு முன் அந்த வளைந்த கண்ணியை அகற்ற வேண்டும்; அகற்றுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லவிருப்பதில் பாதி அந்த ஒற்றைப் பல்லிலிருந்து கற்றது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, அறுந்த கண்ணியை அகற்றுவது, புதிய கண்ணியால் இணைப்பது என்ற இரண்டு வேலைகளில் அந்த வழி எதைச் செய்யும் என்பது. இரண்டையும் செய்யாத எதுவும் பாதி மருந்துதான். இரண்டாவது, அது உங்கள் செயினின் தடிமனுக்குப் பொருந்துமா என்பது. மூன்றாவது, நூறு கிலோமீட்டர் ஓட்டிக் களைத்த கையாலும் நெற்றி விளக்கின் வெளிச்சத்திலும் அதை இயக்க முடியுமா என்பது. நான்காவது, உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது. ஐந்தாவது, வாங்கும்போது தெரியாமல் பிறகு வந்து சேரும் செலவு.

எடையைக் கடைசியில்தான் வைக்கிறேன். முக்கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள் இரண்டைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, நூறு கிராமுக்கும் குறைவான ஒரு கட்டரை எடைக்காக வீட்டில் விட்டுச் செல்வதில் நியாயம் இல்லை.

வழி 1: கையில் எதுவும் இல்லாமல், கடையையும் கைபேசியையும் நம்புவது

கியர் இல்லாத சைக்கிளுக்கு இதுவே சரியான வழி என்று தயங்காமல் சொல்வேன். அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸானாலும் லூதியானாவிலிருந்து வந்த ஹீரோவானாலும், அந்தத் தடித்த செயினை இணைக்கும் கண்ணியான செயின் லாக் சிற்றூர் சைக்கிள் கடையிலும் ஒரு டப்பாவில் கிடக்கும். கடைக்காரர் சுத்தியலும் முனை மழுங்கிய ஓர் ஆணியும் வைத்துக்கொண்டு, பெரிய நட்டு ஒன்றின் துளை மேல் செயினை வைத்துத் தட்டி, பழைய கண்ணியை எடுத்துவிட்டு லாக்கை மாட்டிவிடுவார். அந்த லாக்கின் மேலே வரும் சிறு கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கியும், பிளவுள்ள பக்கம் அதற்கு எதிர்த் திசையிலும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கியர் சைக்கிளில் கதை மாறிவிடுகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் இன்று எஞ்சியிருக்கும் கடைகளில் பல, மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் போடும் கடைகள். சைக்கிள் கடையாகவே இருந்தாலும் 9 அல்லது 11 ஸ்பீடு செயினுக்குரிய கண்ணி அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே கடைக்காரர் தமக்குத் தெரிந்த முறையில், பழைய ஆணியையே சுத்தியலால் திரும்ப இறக்கிக் கொடுப்பார். தடித்த செயினில் அது தாங்கும். மெல்லிய செயினில் ஆணியின் தலை தொழிற்சாலையிலேயே விரித்து அமைக்கப்பட்டது. ஒருமுறை வெளியே தள்ளினால் அந்த விரிவு சிதைந்துவிடுகிறது. அடுத்த மேட்டில் அதே இடத்தில் மீண்டும் அறும். அப்போது நீங்கள் முழு எடையோடு மிதித்துக்கொண்டிருப்பீர்கள், முன்புறமாக விழும் அபாயமும் உண்டு.

மரக்காணத்தில் எனக்கு நடந்தது இதற்குச் சற்று மாறானது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊருக்குள் திரும்பி நடந்தேன். கடை ஒன்பது மணிக்குத்தான் திறந்தது. கடைக்காரர் ஐயா செயினை ஒரு நட்டின் மேல் வைத்து, இரண்டே தட்டில் அந்தப் பழைய கண்ணியைத் தள்ளிவிட்டார். பிறகு என் குவிக் லிங்க்கை மாட்டினேன். அகற்றும் வேலை அவருடையது, இணைக்கும் பொருள் என்னுடையது. என்னிடம் லிங்க் இல்லாதிருந்தால் அவரும் பழைய ஆணியைத்தான் அடித்திருப்பார்.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம். பிரெவே எனப்படும், நேர வரம்புள்ள நெடுந்தூரப் பயணங்களை ஓட்டுகிறவர்களுக்கு அது இன்னும் கடுமையானது: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று வரம்பு இருக்கிறது. நண்பரின் உதவி வண்டியை, வழியில் வருகையைப் பதிவுசெய்யும் கட்டுப்பாட்டு நிலையங்களைத் தவிர வேறெங்கும் பயன்படுத்த விதி இடம் தருவதில்லை. கடை திறக்கக் காத்திருந்த அந்த மூன்று மணி நேரம் ஒரு பிரெவேயில் எனக்கு வாய்த்திருந்தால், அன்றைய பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

வழி 2: குவிக் லிங்க் மட்டும்

இரண்டு பாதிகளாக வரும் இந்த வெளிக் கண்ணி ஒரு ஜோடி ஐந்து கிராமுக்குள் அடங்கிவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்: ஸ்ராமில் பவர்லிங்க், பவர்லாக், கேஎம்சியில் மிஸ்ஸிங் லிங்க், ஷிமானோவில் குவிக் லிங்க். இரு முனைகளிலும் உள் கண்ணி இருக்குமாறு செயினை வைத்து, இரண்டு பாதிகளையும் எதிரெதிராகச் செருகி, அந்த இடம் மேல்பக்கம் வருமாறு கிராங்க்கைத் திருப்பி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஒரு மிதி மிதித்தால், தெளிவான ஒரு சொடுக்குச் சத்தத்தோடு பூட்டிக்கொள்ளும். அறுந்தது ஒரு வெளிக் கண்ணி மட்டும் என்றால், அதே இடத்தில் இந்த லிங்க் அமர்வதால் செயினின் நீளம் சிறிதும் குறையாது. இணைக்கும் வேலைக்கு இதைவிடச் சிறந்த பொருள் இல்லை.

ஆனால் அகற்றும் வேலையை இது செய்யாது. முன்பே மாட்டியிருந்த குவிக் லிங்க்கே திறந்து தொலைந்துபோனால் மட்டுமே இது தனித்து உதவும். அது எப்போதோ ஒருமுறை நடப்பது. மற்ற எல்லா நேரங்களிலும் அந்த ஒற்றைப் பல் உங்கள் எதிரே துருத்திக்கொண்டிருக்கும்.

பொருத்தம் என்ற கேள்வியும் இங்கேதான் முக்கியமாகிறது. செயினின் வெளித் தடிமன் தோராயமாக இப்படி இருக்கும்:

| பின்சக்கரப் பற்சக்கரங்கள் | செயினின் வெளித் தடிமன் (மி.மீ.) |
|---|---|
| 6, 7, 8 | 7.1 முதல் 7.3 |
| 9 | 6.5 முதல் 6.8 |
| 10 | 5.9 முதல் 6.2 |
| 11 | 5.5 முதல் 5.7 |
| 12 | சுமார் 5.3 |

பத்து ஸ்பீடு செயினில் எட்டு ஸ்பீடு லிங்க்கை மாட்டினால் மாட்டிக்கொள்ளும். ஆனால் தளர்ந்து ஆடும், பக்கத்துப் பல்லில் உரசும். தலைகீழாகச் செய்ய முயன்றால் மாட்டவே முடியாது. ஸ்ராமின் மேல்பக்கம் தட்டையான 12 ஸ்பீடு சாலைச் செயினுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட லிங்க்கைத்தான் வாங்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு மறுபயன்பாட்டில் இருக்கிறது. 8, 9 ஸ்பீடு லிங்க்குகள் பலவற்றைக் கழற்றி மாட்டலாம். 10, அதற்கு மேற்பட்ட ஸ்பீடுகளில் ஸ்ராமின் பவர்லாக்கும் ஷிமானோவின் லிங்க்கும் ஒரே முறை பயன்படுத்துவதற்கென்று விற்கப்படுபவை. செயினைக் கழுவுவதற்காக வீட்டில் கழற்றிய பழைய லிங்க்கை உதிரியாகப் பையில் போட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், பையில் இருக்க வேண்டியது புதியது.

வழி 3: மல்டி டூலோடு சேர்ந்து வரும் கட்டர்

ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றோடு செயின் கட்டரும் சேர்ந்த மல்டி டூல் 200 கிராமுக்குள்ளேயே கிடைக்கிறது. சீட்டு இறங்கினாலோ ஹேண்டில் தளர்ந்தாலோ ஆலன் கீ எப்படியும் வேண்டியிருப்பதால், ஒரே பொருளில் எல்லாம் அடங்கிவிடுகிறது என்ற ஈர்ப்பு நியாயமானதுதான். இதோடு குவிக் லிங்க் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் அகற்றுவது, இணைப்பது இரண்டும் முடியும்.

குறை, கைக்கு அகப்படும் நெம்புகோலின் நீளத்தில் இருக்கிறது. ஆணியை முதல் அசைவில் நகர்த்துவதற்குத்தான் அதிக விசை வேண்டும். மல்டி டூலின் உடலே கைப்பிடியாக இருப்பதால், அது ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்திலோ செயினிலோ இடிக்கும். கால் சுற்றுச் சுற்றி, எடுத்து, மீண்டும் வைத்துச் சுற்ற வேண்டும். வியர்த்த கை வழுக்கும்போது முனை ஊசி ஆணியின் நடுவிலிருந்து சற்றே விலகினாலும் ஊசி வளைந்துவிடும். தனிக் கட்டர்கள் பலவற்றுக்கு மாற்று ஊசி கிடைப்பதைப் போல மல்டி டூல்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மலிவான கருவிகளில் மரையே தேய்ந்து சுழன்றுவிடுவதும் உண்டு. 12 ஸ்பீடு செயினுக்கு ஏற்றது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். பழைய கருவியின் மேடையில் மெல்லிய செயின் ஆடும், ஊசி கோணலாக இறங்கும்.

தினசரி அலுவலகப் பயணத்துக்கும், மாமல்லபுரம் வரை ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புவதற்கும் இது போதும். எப்போதாவது ஒருமுறை கால் மணி நேரம் கூடுதலாகப் போராடுவதை அந்த வசதிக்கான விலையாக ஏற்றுக்கொள்ளலாம். வாங்கிய அன்றே வீட்டில் சோதிக்காமல் பையில் போட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியாது.

வழி 4: தனிச் செயின் கட்டர், இரண்டு குவிக் லிங்க்குகள்

உள்ளங்கையில் அடங்கும் தனிக் கட்டர்களில் சிறியவை நூறு கிராமுக்குள் இருக்கும். நீண்ட கைப்பிடி, செயினை ஆடாமல் பிடிக்கும் மேடை, நேராக இறங்கும் ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்து, மல்டி டூலில் பத்து நிமிடம் எடுக்கும் வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. இருட்டில் அந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இந்த வழியை நான் வலியுறுத்துவதற்கு வேகம் மட்டும் காரணமல்ல. செயின் அறும்போது சில நேரங்களில் அதன் முனை, செயினைக் கியர் கியராக நகர்த்தும் டிரெய்லியரை இழுத்து, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேங்கரையும் ஒடித்துவிடும். சைக்கிள் ஒருக்களித்து விழுந்து ஹேங்கர் ஒடிவது அதைவிட அதிகம். அப்போது செயின் முழுதாகவே இருந்தாலும் ஓட்ட முடியாது. டிரெய்லியரை ஒதுக்கிவிட்டு, முன்பல்லுக்கு நேர்கோட்டில் வரும் ஒரு பின்பல்லைத் தேர்ந்தெடுத்து, செயினை அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்து, குவிக் லிங்க்கால் இணைத்தால், கியர் இல்லாத சைக்கிளாக மெதுவாக ஊர் போய்ச் சேரலாம். செயின் பெரிய பல்லுக்கு ஏற முயலும் என்பதால் அழுத்தி மிதிக்கக் கூடாது. சேதமே அடையாத இறுக்கமான ஆணிகளைத் தள்ள வேண்டிய இந்த வேலையில்தான் மல்டி டூல் கட்டர்கள் கைவிடுகின்றன.

ஏன் இரண்டு லிங்க்? சேதம் உள் கண்ணியில் என்றால், அதோடு இருபக்கத்து வெளிக் கண்ணிகளையும் எடுத்தாக வேண்டும். அந்த மூன்று கண்ணி இடைவெளியை ஒரே லிங்க்கால் மூடினால் செயின் ஓர் அங்குலம் குறையும். குறைந்த செயினோடு, மறந்துபோய், முன்னால் பெரிய பல்லிலும் பின்னால் பெரிய பல்லிலும் போட்டுவிட்டால் டிரெய்லியர் கிழிந்து வரும். இதற்கு எளிய தீர்வு ஒன்று இருக்கிறது. புதிய செயின் வாங்கி அளவுக்கு வெட்டும்போது மிஞ்சும் துண்டை எறியாமல், அதிலிருந்து ஒற்றை உள் கண்ணியைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிங்க், உள் கண்ணி, இன்னொரு லிங்க் என்று மூன்றும் சேர்ந்து அந்த இடைவெளியைச் சரியாக நிரப்பும். நீளம் பழையபடியே இருக்கும்.

மறைமுகச் செலவும் உண்டு. ஆலன் கீக்களைத் தனியாக எடுத்துச் செல்ல வேண்டும். கடலோரக் காற்றில், ஆறு மாதம் தொடாமல் கிடந்த கட்டரின் மரை துருவேறி இறுகிவிடும். மழைக்காலத்துக்கு முன்பாவது ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருகிப் பார்க்க வேண்டும்.

இடுக்கியும் இணைப்பு ஆணியும்

குவிக் லிங்க்கைத் திறப்பதற்கென்றே விற்கப்படும் இடுக்கி வீட்டில் மிக உதவியானது. வழியில் அநேகமாகத் தேவைப்படாது. அறுந்த செயினில் நீங்கள் செய்வது லிங்க்கை மூடுவது. அதற்குப் பெடல் போதும். எப்போதாவது திறந்தே ஆக வேண்டுமென்றால், பழைய கியர் கேபிள் துண்டு ஒன்றை லிங்க்கின் இரு முனைகளையும் சுற்றி வளையமாகப் போட்டு இழுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். ஷிமானோவின் இணைப்பு ஆணியைச் சிலர் உதிரியாக வைத்திருக்கிறார்கள். அதை இறக்கக் கட்டர் வேண்டும், வெளியே நீளும் வழிகாட்டு முனையை ஒடிக்க இடுக்கி வேண்டும். குவிக் லிங்க் இருக்கும்போது வழியில் இதற்கு அவசியமில்லை.

யாருக்கு எது

கியர் இல்லாத சைக்கிள் என்றால் ஒரு செயின் லாக்கைப் பையில் போட்டுக்கொண்டு கடைகளை நம்பலாம். நகருக்குள் 7 அல்லது 8 ஸ்பீடு சைக்கிள் ஓட்டுகிறவருக்கு, கட்டர் உள்ள மல்டி டூலும் ஒரு லிங்க்கும் போதும். நால்வர், ஐவராகச் சேர்ந்து போகும் குழுவில் எல்லோரிடமும் கட்டர் இருக்க வேண்டியதில்லை. ஒருவரிடம் நல்ல தனிக் கட்டர் இருந்து, ஒவ்வொருவரும் தம் செயினுக்குரிய லிங்க்கை வைத்திருந்தால் சரி. குழு சிதறும் வழக்கம் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

தனியாகவோ இரவிலோ 100 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களும், பிரெவே ஓட்டுகிறவர்களும், 10 ஸ்பீடுக்கு மேற்பட்ட செயின் வைத்திருப்பவர்களும் நான்காவது வழியைத் தவிர வேறொன்றை யோசிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மலைப் பாதைகள் இடையில் நிற்பவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் செயின் அறும் வாய்ப்பு அதிகம். ஆனால் செயின் இல்லாத சைக்கிளும் இறக்கத்தில் உருளும், பிரேக்கும் வேலை செய்யும் என்பதால் அடிவாரத்துக்குத் திரும்பிவிட முடியும். உச்சியைத் தாண்டி மறுபக்கம் போகும் திட்டம் இருந்தால் கட்டர் கட்டாயம்.

எதை வாங்கினாலும், மிஞ்சிய அந்தச் செயின் துண்டில் வீட்டில் ஒருமுறை முழுதாகச் செய்து பாருங்கள்: ஆணியைத் தள்ளி, கண்ணியைப் பிரித்து, லிங்க்கைச் செருகி. பழைய ஸ்போக் கம்பி ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி இரு முனைகளையும் கொக்கியாக வளைத்துக்கொண்டால், வேலை செய்யும்போது செயினின் இரு முனைகளும் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கி, இரண்டு லிங்க்குகள், ஒற்றை உள் கண்ணி, ஒரு ஜோடிக் கையுறை ஆகியவற்றைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் மேல் செயினின் ஸ்பீடு எண்ணைப் பெரிதாக எழுதி, கட்டரோடு சேர்த்து ரப்பர் வளையத்தால் கட்டிவிடுங்கள். புதிய செயினுக்கு மாறும் நாளில் அந்த எண்ணையும் லிங்க்கையும் மாற்ற வேண்டும்.